விளையாட்டின் விதியும் சரித்திரத்தின் பாடமும்

1971-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில், உபாத்தியாயர் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டிருந்த டான் ராவிட்ச் என்னும் இளைஞர், தம் நாட்டு ஜனங்கள் மேற்குத் திசை நோக்கிக் குடிபெயர்ந்த சரித்திரத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மனத்தில் பதியும்படி எப்படிச் சொல்வது என்று யோசித்து, பெரிய தாளொன்றில் வழிப்படம் வரைந்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்ற இரு நண்பர்களும் கணிதம் கற்பிக்கப் பயின்றவர்கள். தாளில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமே என்று சொன்னதோடு நில்லாமல், இரண்டு வாரங்களுக்குள் அதைச் செய்தும் கொடுத்தார்கள். வகுப்பறையில் திரை ஏதும் இல்லை. எங்கோ இருந்த கம்ப்யூட்டரோடு டெலிபோன் கம்பியால் இணைக்கப்பட்ட டெலிடைப் இயந்திரம் ஒன்று, காகிதச் சுருளில் வரி வரியாக அச்சடித்துக் கேள்வி கேட்கும். பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்று பதில் தட்டுவார்கள். ‘ஒரிகன் டிரெயில்’ என்ற பெயரோடு பிற்பாடு அந்த நாட்டில் பல லட்சம் மாணவர்கள் ஆடி வளர்ந்த விளையாட்டின் ஜனனம் இவ்வாறு நிகழ்ந்தது.

வீடியோ விளையாட்டுகள் குழந்தைகளுக்குச் சரித்திரம் கற்பிக்குமா, அல்லது சரித்திர ஞானத்தைக் கெடுக்குமா என்ற விவாதம் இன்று பல வீடுகளில் நடைபெறுவதால், இந்தப் பழைய சம்பவத்தை முதலில் நினைவூட்ட விரும்பினேன். அந்த விளையாட்டில் சித்திரம் இல்லை, சங்கீதம் இல்லை, அலங்காரம் எதுவும் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு எருதுகள் எத்தனை, உணவு எவ்வளவு, துப்பாக்கி ரவை எவ்வளவு, துணிமணி எவ்வளவு என்று தீர்மானித்து வாங்கிக்கொண்டு, மிசௌரியிலிருந்து ஒரிகன் வரையில் ஏறத்தாழ 2,000 மைல் தூரத்தை வண்டியில் கடக்க வேண்டும்; அவ்வளவுதான். நல்ல எருதுகளுக்காகப் பணத்தைச் செலவழித்தவன் மலைப்பாதையில் குளிருக்குத் துணியில்லாமல் தவிப்பான். உணவை மிச்சம் பிடித்தவன் வியாதிக்கு இரையாவான். குடியேறச் சென்ற ஓர் ஏழைக் குடும்பத்தின் கவலை எதனால் ஆனது என்பதை, பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கங்களால் உணர்த்த முடியாத விதத்தில், அந்தக் காகிதச் சுருள் உணர்த்திற்று.

அதைக் காட்டிலும் கவனிக்கத்தக்க விஷயம் பின்னால் நடந்தது. பள்ளிப் பயிற்சி முடிந்ததும் அந்த நிரலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, அச்சிட்ட பிரதியை மட்டும் கையோடு எடுத்துச் சென்ற ராவிட்ச், 1974-இல் மின்னசோட்டா மாநிலத்தின் கல்விக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தபோது, அதை வரி வரியாக மறுபடியும் தட்டி உள்ளே சேர்த்தார். சேர்த்த பிறகு, அந்த வழியில் மெய்யாகவே பயணம் செய்தவர்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளைத் தேடிப் படித்து, எந்த இடத்தில் வியாதி கண்டது, எங்கே தண்ணீர் கெட்டது, எங்கே புயல் அடித்தது என்பவற்றைக் கணக்கிட்டு, அந்த விகிதப்படியே விளையாட்டிலும் அவை நேரும்படி திருத்தி அமைத்தார். சரித்திரத்தை விளையாட்டாக்குவதென்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. அவர் திருத்தியது காட்சியை அன்று, விதியை.

விளையாட்டின் விதியே பாடம் சொல்கிறது என்பதைத் தமிழர்களுக்கு விளக்குவது கஷ்டமான காரியமும் இல்லை. நம் கிராமத்துக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் கோடு கீறி ஆடிய ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. ஆட்டுக்குப் பாயத் தெரியாது, வெட்டத் தெரியாது. ஆனாலும் ஆடுகள் இடைவெளி விடாமல் நெருங்கி நின்றால் புலி நகர வழியின்றி முடங்கிப்போகும். பலவீனர்கள் ஒன்று கூடினால் பலவானை அடக்கலாம் என்ற நீதியை அந்த ஆட்டத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை; கோடும் காயும் விதியுமே சொல்லிவிடுகின்றன. ஆடியவன் அதைக் கேட்டறிந்தவன் அல்லன்; பட்டறிந்தவன். ஆகவேதான் விளையாட்டு கற்பிக்கும் பாடம் ஆழமாகப் பதிகிறது. ஆழமாகப் பதிவதாலேயே, அது தவறான பாடமாக இருக்கும்போது அபாயமும் அதிகமாகிறது.

வீடியோ விளையாட்டைப் புகழ்கிறவர்களும் இகழ்கிறவர்களும் பெரும்பாலும் விதி என்ற இந்த மூலத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைப் பற்றியே வாதாடுகிறார்கள். யூபிஸாஃப்ட் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ என்னும் விளையாட்டில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ் நகரமும் நோத்ருதாம் பேராலயமும் கல்லுக்குக் கல் பார்த்துப் பார்த்துச் சித்திரிக்கப்பட்டிருக்கின்றன. ஆலயத்தை உருவாக்கிய கலைஞர் அதற்கே ஓராண்டுக்கு மேல் உழைத்தார். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி அந்த ஆலயம் தீப்பற்றியபோது, அதைத் திரும்பக் கட்டுவதற்கு இந்த விளையாட்டே வரைபடமாகப் பயன்படப் போகிறது என்ற வதந்தி உலகெங்கும் பரவிற்று. உண்மையில் அதற்கு உதவியவை, ஆண்ட்ரூ டாலன் என்ற கலைச் சரித்திர அறிஞர் லேசர் கருவியைக் கொண்டு பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்து வைத்திருந்த நுட்பமான அளவுகளைப் போன்றவையே. விளையாட்டில் வானளாவி நிற்கும் ஊசிக்கோபுரமோ, வியோலே-லெ-டியூக் என்ற கட்டடக் கலைஞர் 1859-இல் கட்டி முடித்தது. புரட்சிக் காலத்தில் எவனும் அதைப் பார்த்திருக்க முடியாது.

இந்தப் பிழையைச் சுட்டிக் காட்டுவது அவசியமே. ஆயினும் இப்படிப்பட்ட பிழையால் விளையும் கேடு சொற்பம் என்று நான் கருதுகிறேன். கோபுரம் எந்த நூற்றாண்டினது என்ற விவரத்தை ஒரு வாக்கியத்தில் திருத்திவிடலாம். கேட்கிற பையனும் ஆச்சரியத்தோடு ஏற்றுக்கொள்வான். ஆட்டத்தின் விதியில் அடங்கியிருக்கும் பிழை அப்படித் திருத்தப்படுவதன்று. அது பிழை என்றே தெரியாமல், உலகம் இப்படித்தான் நடக்கிறது என்ற நம்பிக்கையாக மனத்தின் அடித்தளத்தில் தங்கிவிடும்.

நமக்கு மிகவும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 1999-இல் முதன்முதலாக வந்து, இன்றும் பல நாடுகளில் ஆடப்படும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற யுத்த விளையாட்டில், 2022-ஆம் ஆண்டு திராவிடர் என்ற பெயரில் நம்மவர்களும் சேர்க்கப்பட்டு, முதலாம் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தனிக் கதையாகவே அமைக்கப்பட்டன. திரிசடை என்ற பெயருடைய மரக்கலங்களும், உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரர்களும், தென்னாட்டு உருக்கின் புகழைச் சுட்டும் ஒரு விசேஷ ஆற்றலும் அதில் இருக்கின்றன. உலகச் சரித்திரம் என்றால் ரோமும் இங்கிலாந்துமே என்றிருந்த ஓர் அரங்கத்தில் சோழன் காலடி வைத்ததைக் கண்டு நம் பிள்ளைகள் பெருமிதம் கொள்வதில் தவறே கிடையாது. திராவிடரின் குதிரைப்படையைப் பலவீனமாக அமைத்திருப்பதில்கூட ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. நல்ல குதிரைகள் வளராத நம் நாட்டு அரசர்கள் அவற்றைக் கடல் வழியாக அரபு நாட்டிலிருந்து தருவித்தார்கள் என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர்.

ஆனால் அந்த ஆட்டத்தின் விதியை உற்று நோக்கினால் வேறொரு சங்கதி புலப்படுகிறது. சோழனாயினும், மங்கோலியனாயினும், பிராங்கியனாயினும், அனைவரும் இருண்ட காலத்தில் தொடங்கி, நிலப்பிரபுத்துவக் காலம், கோட்டைக் காலம் ஆகியவற்றைக் கடந்து, பேரரசுக் காலத்தை அடைய வேண்டும். மேற்கு ஐரோப்பாவின் சரித்திரத்தைப் பகுப்பதற்காக ஏற்பட்ட இந்தக் கால வரிசை, அதற்கு முன்பே பல நூற்றாண்டு இலக்கியத்தையும் வணிகத்தையும் கண்டிருந்த தமிழகத்துக்கும் அளவுகோலாகிவிடுகிறது. அந்த ஆட்டத்தில் திராவிடருக்குரிய மருத்துவக் கலை, காயம்பட்ட யானைகளைத் தேற்றுவதற்கே பயன்படுகிறது. வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டோ, கோயில் பணியாளர்களுக்கும் கல்விச்சாலை மாணவர்களுக்கும் பதினைந்து படுக்கைகளோடு நடத்தப்பட்ட ஆதுலசாலையைப் பற்றியும், அங்கே ஊதியம் பெற்ற வைத்தியரையும் சல்லியக் கிரியை செய்பவரையும் மருந்து சேகரிப்போரையும் பற்றியும் விஸ்தாரமாகப் பேசுகிறது. யுத்தம் ஒன்றையே இலக்காக வைத்த விதி, ஒரு சமூகத்தின் மருத்துவத்தையும் யுத்தக் கருவியாகத்தான் பார்க்கும். இது அமைத்தவர்களின் துவேஷத்தால் நேர்வதன்று. வெற்றிக்கு அவர்கள் கொடுத்த அர்த்தத்தால் நேர்வது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இந்த விளையாட்டில் தேர்ந்தவன். ஒரு நாள் மாலை என்னிடம் வந்து, “தாத்தா, ராஜேந்திர சோழர் கடல் தாண்டிப் போய் ஜெயித்தாரே, அப்புறம் அந்த ஊரையெல்லாம் யார் ஆண்டாங்க?” என்று கேட்டான். வெற்றி என்ற வார்த்தை திரையில் தோன்றியதும் ஆட்டம் முடிந்துபோய்விடுகிறது. அதற்கு அப்பால் என்ன என்று கேட்க அவனுக்குத் தோன்றியதே எனக்கு மகத்தான ஆறுதலாக இருந்தது. ஏனென்றால், சரித்திரம் என்பதே பெரும்பாலும் அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லுக்குப் பிறகு வருவதுதான்.

அவனுக்கு நான் சொன்ன பதில் நீண்டது. கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயைத் தானமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் சாசனம் அதைச் சொல்கிறது. அப்படிச் சிநேகமாயிருந்த ராஜ்யத்தின் மீதுதான் 1025-ஆம் ஆண்டளவில் ராஜேந்திரனின் கப்பற்படை சென்று, கடாரம் முதலான துறைமுகங்களைத் தாக்கியது. சோழர்கள் அந்த நாடுகளை நிலையாகத் தங்கி ஆண்டதற்குப் போதிய ஆதாரமில்லை என்பதே அறிஞர்கள் பலரின் அபிப்பிராயம். படைகள் திரும்பி வந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர், சுமாத்ராவின் மேற்குக் கரையில் பரூஸ் என்ற இடத்துக்கருகில் தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் 1088-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பொறித்து வைத்தார்கள். மரக்கலத்தில் வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அது பேசுகிறது. அரசனின் வாள் ஒரு பருவத்தில் போய்த் திரும்பியது. வணிகனின் தராசு அங்கேயே தங்கியிருந்தது. தானத்தையும் யுத்தத்தையும் வணிகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்த நூற்றாண்டு நமக்கு விளங்கும் என்று சொல்லி முடித்தேன். பையன் செப்பேட்டின் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனான்.

இந்தச் சம்பாஷணையிலிருந்து நான் கற்றது இது: விளையாட்டு அவனுக்குச் சரித்திரத்தைக் கொடுக்கவில்லை, ஆனால் சரித்திரத்தைத் தேடும் தாகத்தைக் கொடுத்தது. அந்தத் தாகத்துக்குத் தண்ணீர் வார்க்க ஒரு மனிதரோ ஒரு புத்தகமோ பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாகம் பிரமையாகத் திரிந்து, தன் குலத்து அரசன் வெட்டி வீழ்த்திய தலைகளை எண்ணுவதே தேசாபிமானம் என்ற முடிவுக்கு அவன் வந்துவிடக்கூடும்.

விதியை மாற்றினால் அதே சோழர்கள் வேறு விதமாகத் தோன்றுவார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. 2025-இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 7’ விளையாட்டில் சோழர்கள் கடல் வணிகத்தில் சிறந்தவர்களாக அமைக்கப்பட்டிருக்கிறார்கள். அதுவும் முழு உண்மையாகாது. என்றாலும், ஒரே சமூகத்தை இரண்டு விதிகளின் வழியே கண்ட மாணவன், எந்த விதியும் முழு உண்மையன்று என்பதையும் கூடவே உணர்வான். ராவிட்ச் சிருஷ்டித்த விளையாட்டுக்கும் இந்தக் கதியே நேர்ந்தது. எத்தனை நாட்குறிப்புகளைப் படித்து அமைத்தாலும், அதில் ஆடுபவன் எப்போதும் குடியேறச் செல்பவனாகவே இருந்தான். அந்த வண்டிகள் கடந்து சென்ற பூமியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகள், வழியில் எதிர்ப்படும் சம்பவங்களாக மட்டுமே நின்றார்கள். 2021-இல் அந்த விளையாட்டைப் புதிதாக அமைத்தவர்கள், பூர்வகுடிகளின் சரித்திரம் அறிந்த அறிஞர்களைக் கலந்தாலோசித்து, அம்மக்களையும் கதையில் ஆடத்தக்க பாத்திரங்களாக்கினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த திருத்தமானாலும், அது வந்ததே நன்று.

இன்னும் துணிவான முயற்சிகளும் உலகத்தில் நடந்திருக்கின்றன. மேலே சொன்ன யூபிஸாஃப்ட் நிறுவனமே, பண்டைய எகிப்தைச் சித்திரித்த தன் விளையாட்டிலிருந்து யுத்தம் முழுவதையும் நீக்கிவிட்டு, நைல் நதிக்கரையிலும் அலெக்சாந்திரியாவின் வீதிகளிலும் மாணவன் நடந்து திரிந்து பாடம் கேட்கும் வகையில் ‘டிஸ்கவரி டூர்’ என்ற பதிப்பை 2018-இல் வெளியிட்டது. பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகமும் செக் நாட்டு அறிவியற் கழகமும் சேர்ந்து ஆக்கிய ‘அட்டென்டாட் 1942’ என்ற விளையாட்டில் ஆடுபவனுக்கு ஆயுதமே கிடையாது. நாஜிகளால் கைது செய்யப்பட்ட தன் பாட்டனாருக்கு என்ன நேர்ந்தது என்று முதியவர்களைக் கேட்டுக் கேட்டு அறிவதுதான் ஆட்டம். போலந்து நாட்டில் உருவான ‘திஸ் வார் ஆஃப் மைன்’ விளையாட்டோ, 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை மனத்தில் கொண்டு ஆக்கப்பட்டது. அதில் வீரன் இல்லை, கொடி இல்லை. இடிந்த வீட்டுக்குள் பசியோடும் நோயோடும் சில சாமானிய ஜனங்கள் அடுத்த நாள் காலையைக் காண முயல்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவரின் மருந்தைத் திருடி உயிர் பிழைப்பதா, தர்மத்தைக் காத்து மடிவதா என்ற சங்கடம் ஆடுபவன் முன்னால் வந்து நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு போலந்து அரசாங்கம் இந்த விளையாட்டை உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பரிந்துரை நூல்களின் வரிசையில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. புத்தகத்துக்கு அளிக்கும் மரியாதையை ஒரு விளையாட்டுக்கு ஓர் அரசாங்கம் அளித்த அந்தச் செய்தியை நம் கல்வித் துறையினர் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு வேண்டிய மூலப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு ஆட்களைத் தேர்ந்தார்கள். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் கூடாது. இவை யாவும் கல்லில் வெட்டப்பட்ட விதிகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதிகளாக எழுதப்பட்டிருக்கும் ஒரு வாழ்க்கையை விளையாட்டாக்குவதற்கு இதைவிடத் தகுந்த ஆதாரம் வேறெங்கே கிடைக்கும்?

அப்படி ஓர் ஆட்டம் அமைந்தால், மழை பொய்த்த ஆண்டில் ஏரி வாரியத்தார் தூர் வாருவதற்குப் பணம் எங்கே தேடினார்கள், மதகை யாருக்கு முதலில் திறந்தார்கள் என்பதையெல்லாம் மாணவன் தானே தீர்மானித்துப் பார்ப்பான். அதோடு நின்றுவிடாமல், நிலமில்லாத உழவனாகவோ, ஒரு பெண்ணாகவோ அதே ஊரில் பிறந்து, தன் பெயர் எழுதிய ஓலை ஒருநாளும் அந்தக் குடத்துக்குள் விழாது என்பதையும் அவன் ஆடியே அறிய வேண்டும். பெருமையும் குறையும் சேர்ந்ததே நம் முன்னோர் வாழ்க்கை. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டும் விளையாட்டு, அதை அமைத்தவர் தமிழரே ஆயினும், சரித்திரத்துக்குத் துரோகமே செய்யும்.

ஆகையால் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள், விளையாட்டை முற்றிலும் விலக்காதீர்கள், கண்டுகொள்ளாமலும் விட்டுவிடாதீர்கள் என்பதே. உங்கள் பிள்ளை ஆடும்போது அரைமணி நேரம் பக்கத்தில் அமர்ந்து, இந்த ஆட்டத்தில் வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள் என்று அவனிடமே கேளுங்கள். இந்த ஊரில் வாழ்ந்தவர்களில் யாருடைய குரல் கேட்கவில்லை என்று அவளிடமே கேளுங்கள். உபாத்தியாயர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் வகுப்புக்குள் கொண்டுவந்தால், அடுத்த பாடம் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தானாகவே தொடங்கும். தமிழில் விளையாட்டு அமைக்கும் ஆற்றல் வாய்ந்த இளைஞர்களும், கல்வெட்டு வாசிக்கும் ஞானம் படைத்த அறிஞர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரும் நாள் விரைவில் வர வேண்டும். மினியாபொலிஸில் அந்தக் காரியத்தைத் தொடங்குவதற்கு ஒரு வாடகை வீடும், மூன்று உபாத்தியாயர்களும், ஒரு பெரிய தாளுமே போதுமானவையாக இருந்தன.